வாப்பா கைகொடுத்து முடித்த காணி

சுனாமியில் கடல் வந்து போன பிறகு நாங்கள் எங்கள் வளவுக்குத் திரும்பிய அன்று அங்கே ஒரு மதில் நின்றது. எங்கள் வளவில் எந்தக் காலத்திலும் மதில் இருந்ததில்லை. எங்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் இடையில் இருந்தது தென்னோலைக் கிடுகு வேலிதான். வேலி, வீடு, குசினி, முருங்கை எல்லாவற்றையும் கடல் கொண்டு போயிருந்தது. ஒழுங்கை எது, வளவு எது என்று தெரியாத வெறும் மணலுக்கு நடுவில் அந்த மதில் மட்டும் சீமெந்து மணத்தோடு நேராக நின்றது.

உம்மா அதை ஒரு முனையில் இருந்து மறு முனை வரை நடந்து பார்த்தா. பிறகு மதிலைத் தட்டி, "இது நான் படுக்கிற இடத்தில நிக்கிது" என்றா.

நாங்கள் சில மாதங்களாக சம்மாந்துறையில் உம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கல்முனை பசாரில் கடை இருந்தது; கடையைக் கடல் தொடவில்லை. அதனால் அவர் எல்லோருக்கும் முதல் திரும்பி வந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டில் போட்டிருந்தார். மதிலை அவர் கட்டியது ஹர்த்தால் நாட்களில் என்று பிறகு அறிந்தோம். ஹர்த்தால் என்றால் கடை பூட்டு, பஸ் இல்லை, மேசன்மாருக்கும் வேறு வேலை இல்லை. அவர் வீட்டில் இருந்தார், மேசன்மார் வந்தார்கள், சம்மாந்துறையில் இருந்து நாங்கள் வர வழியில்லை. எங்கள் கரை முழுக்க எதற்கோ கோபித்துக் கதவை மூடிய நாட்களில் அவர் எங்கள் காணிக்குள் கல் அடுக்கியிருக்கிறார்.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இரத்த உறவு இல்லை, பக்கத்து வீட்டு முறை. அவர் மனைவி மாமி. நானும் உம்மாவும் போய்க் கேட்டபோது அவர் மறைக்கவில்லை.

"வேலி வருசா வருசம் கட்டுறதுதானே. கட்டக் கட்ட உங்கட ஆக்கள் எங்கட பக்கம் தள்ளித் தள்ளி வந்த. நான் வாய் தொறக்கல்ல. இப்ப கடலே எல்லாத்தையும் அழிச்சிப் போட்டுது. நான் பழைய இடத்தில போட்டிருக்கன், அவ்வளவுதான்."

"வேலிய யார் கட்டின, மாமா? நாங்கதானே கிடுகு பின்னிக் கட்டின" என்றேன்.

"அதத்தான் நானும் செல்றன், மகள். கட்டினவங்கதானே தள்ள ஏலும்."

மாமி குசினிப் பக்கமாக நின்றா. எங்களைப் பார்த்துவிட்டு அடுப்பூதப் போனா.

நாங்கள் எங்கள் பக்கத்தில் கூடாரம் அடித்து இருந்தோம். கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதில் வீடு கட்டித் தருகிற திட்டம் ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. அதிகாரி ஒருவர் நாடாவோடு வந்து எங்கள் வளவை அளந்தார். மதில் நிற்கிற இடத்தில் இருந்து அளந்தால் வீட்டு வரைபடத்துக்கு அகலம் போதாது என்றார். அகலம் போதாத ஆட்களுக்கு ஊருக்கு வெளியே, வயலை நிரப்பி எடுத்த மண்ணில் வீடு கொடுப்பார்களாம். எப்போது என்று அவருக்கே தெரியாது. ஆக, மதிலுக்கு அந்தப் பக்கம் போன அந்தத் துண்டு இல்லாவிட்டால் எங்களுக்கு எங்கள் ஊரில் வீடு இல்லை. ஒரு கட்டில் போட்டு அதற்குப் பக்கத்தால் ஒரு ஆள் நடந்து போகிற அகலம்தான் அது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடும் வளவும் உம்மாவிடம் இருந்து மகளுக்குச் சீதனமாகப் போகும். எங்கள் வளவு என் உம்மாவின் சீதனம். மதிலுக்கு அந்தப் பக்க வளவு மாமியின் சீதனம். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், காணிப் பிரச்சினை என்றால் பள்ளிவாசல் சபைக்குப் போவது ஆண்கள். பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை.

அப்படித்தான் வாப்பா போனார். வாப்பா ஆழ்கடலுக்குப் போகிற வள்ளத்தில் வேலை செய்தவர். கடலில் அவருடைய சத்தம் அடுத்த வள்ளத்துக்குக் கேட்கும் என்பார்கள். கரையில் அந்தச் சத்தத்தை அவர் யாரிடமும் காட்டியதில்லை. நல்ல சாரனும் தொப்பியும் அணிந்து போனவர், இஷா தொழுகைக்கு முதல் திரும்பி வந்து பாயில் இருந்தார்.

"முடிஞ்சி" என்றார்.

"என்ன முடிஞ்சி?" உம்மா கேட்டா.

"கடல்ல எவ்வளவு பேர் மௌத்தான நேரம், ஒரு துண்டு மண்ணுக்கு சண்ட பிடிக்கலாமா எண்டு கேட்டாங்க. நான் என்னத்தச் செல்ற? அவரும் எழும்பி வந்து கட்டிப் பிடிச்சார். கைகுடுத்தம். துஆ ஓதி முடிச்சாங்க." பாயில் சரிந்தார். "அல்லாஹ் இத விட நல்ல வீட்டத் தருவான்."

"அல்லாஹ் தந்தத்தத்தானே நீங்க குடுத்திட்டு வந்திரிக்கீங்க" என்றா உம்மா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் வாப்பாவுக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் அப்போது உயர்தரம், கம்பஸுக்குப் போக முதல் படிக்கிற வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முந்திய சாதாரண தரம் வரைக்கும் போன முதல் ஆள் நான், ஆணிலும் பெண்ணிலும். அது எனக்குப் பெருமை. அந்தப் பெருமையை நான் ஒருநாளும் குறைத்துக் காட்டியதில்லை, இப்போதும் காட்டப் போவதில்லை. ஆனால் அன்று எனக்கு வந்த யோசனைக்குப் பள்ளிக்கூடப் படிப்பு தேவைப்படவில்லை. காலையில் உம்மாவிடம் கேட்டேன்.

"உம்மா, காணி யார்ர?"

"என்ட."

"அப்ப வாப்பா எப்படிக் குடுத்த?"

உம்மா இடியப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தா. "ராவெல்லாம் நானும் அதத்தான் யோசிச்சன் கா" என்றா.

அன்று அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம், நானும் உம்மாவும் பள்ளிவாசல் கேற்றுக்கு வெளியே போய் நின்றோம். உம்மா வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டா. நான் கேற்றடிக்குப் போனேன். சபையின் செயலாளர் முன்பு தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், மரியாதையான மனிதர். பாங்கு சொல்கிற மோதினாரோடு கதைத்துக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டு நின்றார்.

"என்ன மகள், வாப்பா எங்க?"

"வாப்பா கடலுக்கு. இது வாப்பாட விசயம் இல்ல."

"காணி விசயமெண்டா அது முடிஞ்சி. ரெண்டு பேரும் கைகுடுத்த."

"கைகுடுத்த ரெண்டு பேருக்கும் அதில ஒரு பிடி மண் இல்ல. இந்தப் பக்கம் உம்மாட. அந்தப் பக்கம் மாமிட. மாப்பிளமார் ரெண்டு பேர் வந்து பொண்டாட்டிமார்ர காணியப் பிரிச்சிட்டுப் போயிரிக்காங்க. நீங்களும் துஆ ஓதி அனுப்பியிரிக்கீங்க."

அவருக்கு முகம் கறுத்தது. "ஆம்புளையள் கதைச்சா அது குடும்பம் கதைச்ச மாதிரித்தானே. எப்பவும் அப்படித்தானே நடக்கிற."

"அப்ப நான் ஒண்டு கேக்கட்டா? நீங்க இரிக்கிற வளவு யார்ர?"

தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "அது எங்கட வீட்டில உள்ளவட."

"அதில ஒரு துண்ட நாளைக்கு நீங்க யாருக்காவது கைகுடுத்துக் குடுத்திட்டு, வீட்ட போய் சோறு தின்ன ஏலுமா?"

மோதினார் சிரித்துவிட்டார். "சோறு எங்க மகள்? பாயும் தலகாணியும் ஒழுங்கைக்கு வந்திரும்."

செயலாளர் அவரை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ யார்ர மகள் எண்டு எனக்குத் தெரியும். இந்த வாய் யார்ர எண்டுதான் தெரியல்ல."

"உம்மாட. அதுவும் சீதனம்தான்."

அதற்கு அவரும் சிரித்தார், சிரிக்க விருப்பமில்லாமல். சபையில் இருந்தவர்கள் எல்லோரும் மனைவியின் வீட்டில் குடியிருக்கிறவர்கள்தான். அவர் அந்த இடத்தில் நின்று அதைத்தான் நினைத்துப் பார்த்தார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. மரத்தடியில் நின்ற உம்மாவுக்கு அங்கே இருந்தே சலாம் சொன்னார். "ஞாயித்துக்கிழம அஸருக்குப் பொறகு நாங்க வளவடிக்கு வாறம். ரெண்டு வளவுக்காரியளும் இரிக்கட்டும்" என்றார்.

செய்தி மாமாவுக்கு எங்களுக்கு முதலே போய்விட்டது. அடுத்த நாள் ஒழுங்கையில் வாப்பாவை நிறுத்தி, எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார்: "பொம்புளப் புள்ளையப் படிக்க வெச்சா இப்படித்தான் மச்சான். முதல்ல சப்பாத்துக் கேக்கும். பொறகு சைக்கிள் கேக்கும். கடைசியில நியாயம் கேக்கும்."

"சைக்கிள் இன்னும் கிடைக்கல்ல, மாமா" என்றேன். "அதால நேரா நியாயத்துக்கு வந்திட்டன்."

வாப்பா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அவர் சிரித்தாரா, வெட்கப்பட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் கதிரைகளைக் கொண்டு வந்து மணலில் போட்டார்கள். உம்மாவும் மாமியும் எதிரெதிரே இருந்தார்கள். ஆண்கள் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒழுங்கைப் பெண்களும் நின்றார்கள்; அப்படி ஒரு கூட்டத்தை எங்கள் ஒழுங்கை அதற்கு முதல் கண்டதில்லை. மாமா முதலில் கதைத்தார். வேலி நகர்ந்த கதையை மறுபடி சொன்னார். முன்பு சொன்னதைவிட இப்போது வேலி இன்னும் வேகமாக நகர்ந்திருந்தது.

சபையில் இருந்த வயதானவர் ஒருவர், "ரெண்டு பேரும் குர்ஆனத் தொட்டு சத்தியம் பண்ணட்டும், பிரச்சின முடியும்" என்றார்.

"வேணாம்" என்றா உம்மா. "மண்ணுக்காக அவவ குர்ஆனத் தொட வெக்க மாட்டன். பொய் செல்லிப் போட்டா அந்தப் பாவத்தில எனக்கும் பங்கு வரும். வேலி எங்க நிண்ட எண்டு அவவ நடந்து காட்டச் செல்லுங்க. அது போதும்."

மாமா, "பொம்புளைக்கு என்ன தெரியும்" என்று தொடங்கினார். செயலாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அந்தக் கேள்விக்கு அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் பதில் தெரியும். வேலியில் பெண்கள் ஒரு வளவில் இருந்து மறு வளவுக்குப் புகுந்து போக ஒரு இடைவெளி விட்டிருப்போம். கடப்பு என்று சொல்வோம். ஒழுங்கையில் இறங்கி ஆண்கள் பார்க்க நடக்காமல், கடப்பால் புகுந்து போய் உப்புக் கேட்பது, கறி கொடுப்பது, பிள்ளைப்பேறு பார்ப்பது எல்லாம். மாமா விடிய எழும்பிக் கடைக்குப் போனால் இரவுதான் வருவார். வாப்பா கடலில். அந்த வேலியை இரண்டு ஆண்களும் வெளியில் இருந்துதான் கண்டிருக்கிறார்கள். உம்மாவும் மாமியும் கல்யாணம் முடித்த காலத்தில் இருந்து ஒரு நாளைக்குப் பல தடவை அதற்குள் குனிந்து நிமிர்ந்தவர்கள்.

மாமி எழும்பவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு மூணு குமர் இரிக்கி" என்றா.

அதுதான் உண்மையான காரணம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கல்யாணம் முடிக்காத மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு வேண்டும். மாமியின் வளவில் இரண்டு வீடு கட்டலாம். மூன்றாவது வீட்டின் கோடிச் சுவர் எங்கள் பக்கம் வந்துதான் முடியும். மாமா திருடன் இல்லை, ஒரு வாப்பா. அதற்காக என் கோபம் குறைந்ததா என்றால் இல்லை. தன் மகளுக்கு வீடு கட்ட என்னுடைய வீட்டை எடுத்தவர், நானும் ஒரு மகள் என்பதை ஒரு தடவையாவது நினைத்திருக்க வேண்டும்.

உம்மாதான் பதில் சொன்னா. "உனக்கு மூணு, எனக்கு ஒண்டு. ஒண்டெண்டதால அவள் ஒழுங்கையிலயா கா படுக்கிற?"

மாமி எழும்பினா. கூட்டம் விலகி வழி விட்டது. மதிலுக்கு முடிவில் திறந்திருந்த இடத்தால் தன் வளவுக்குள் போனா. அவவோடு நாங்களும் போனோம். கிணற்றைப் பார்த்தா, கடல் பக்கத்தைப் பார்த்தா, கொஞ்சம் நடந்து ஒரு இடத்தில் நின்றா. மதிலுக்கும் பழைய வேலிக்கும் சரியாக நடுவில்.

வயதானவர், "அப்ப பாதி பாதி" என்றார். அவருடைய சத்தத்தில் நிம்மதி இருந்தது. செயலாளர் உம்மாவைப் பார்த்தார். உம்மாவுக்கு அது போதும் என்று இருந்திருக்கும்; அவ அப்படிப்பட்டவ. பாதியால் எனக்கு வீடு வராது. அதைவிட, பாதி என்பது பொய்யின் பாதி.

"மாமி," என்றேன், "இன்னும் கொஞ்சம்."

"கண்ண வெச்சிப் பாக்காத புள்ள."

"நான் பாக்கல்ல. நீங்க நோன்புக்கு இடியப்பம் வாங்க வந்து தல இடிச்ச இடத்த நினைங்க."

சில பெண்கள் சிரித்தார்கள். மாமி பருத்த உடம்புக்காரி, கடப்பால் வரும்போதெல்லாம் கிடுகுக் கம்பில் தலை இடித்து எங்கள் வீட்டையே ஏசுவா. மாமியின் முகத்திலும் ஏதோ ஒன்று அசைந்தது. மாமா, "பாத்து நட" என்றார். அவ அவரைப் பார்க்கவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றினா, வெறுங்காலோடு இன்னும் உள்ளே நடந்தா, நின்றா.

"இஞ்ச" என்றா. "இதில ஒரு விரல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இனி என்னட்ட ஒண்டும் கேக்காதீங்க." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா.

அந்த இடத்தில் ஒரு தடியை நட்டு, மதிலை எடுக்கும்படி சபை சொன்னது. மாமா எடுக்கவில்லை. இன்றைக்கு மேசன் இல்லை, நாளைக்கு மழை, பிறகு ரோட்டில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு என்று நாட்கள் போயின. நாடாக்காரர் மறுபடி அளக்க வரும் காலம் நெருங்கியது. ஒரு காலை நான் எழும்பியபோது மதிலடியில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வாப்பா இரும்பு அலவாங்கால் மதிலின் மேல் வரிசையைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

மாமா பனியனோடு ஓடி வந்தார். "மச்சான், நீங்க கைகுடுத்த மனுசன்."

வாப்பா அலவாங்கை நிறுத்தவில்லை. "ஓம். கை என்ட, அதக் குடுத்தன். காணி என்ட இல்லயே."

நானும் உம்மாவும் போய்ச் சேர்ந்துகொண்டோம். உடையாத கற்களை எல்லாம் மாமாவின் பக்கம் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தோம். ஒரு கல்லைக்கூட நாங்கள் எடுக்கவில்லை. அதை ஊர் பார்க்க வேண்டும் என்று நான் விரும்பினேன்; ஊர் பார்த்தது. அந்த மாதமே நாடா வந்தது, அகலம் சரி என்றது, எங்களுக்கு வீடு வந்தது.

நான் கம்பஸில் படித்த காலத்தில் உம்மா அந்த வளவை என் பேருக்கு எழுதினா. எனக்கு அப்போது கல்யாணம் பேசியிருக்கவில்லை. "மாப்பிள இல்லாம சீதனமா?" என்று பெண்கள் கேட்டார்கள். "சீதனம் மகளுக்கா, மாப்பிளைக்கா?" என்று உம்மா திருப்பிக் கேட்டா.

யுத்தம் முடிந்த வருடம் அது. கல்முனை பசாரில் வெடி கொளுத்தினார்கள். பக்கத்துத் தமிழ் ஊரில் இருந்து என்னோடு பஸ்ஸில் வருகிற கூட்டாளி அந்தக் கிழமை முழுக்க வகுப்புக்கு வரவில்லை. வந்த பிறகும் அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. ரோட்டுகள் திறந்தன, கொழும்புச் சாமான் தடையில்லாமல் வந்தது, மாமாவின் கடை பெருத்தது. பக்கம் பக்கமாக முடியாததை மேலே மேலே கட்டலாம் என்று அவருக்கும் தெரிந்தது. மூன்றாவது மகளுக்கு மேல்மாடி போடத் தொடங்கினார். எங்கள் பக்கச் சுவரைப் பூச வேண்டும் என்றால் சாரம் கட்ட எங்கள் காணிக்குள்தான் கம்பு ஊன்ற வேண்டும்.

ஒரு பின்னேரம் அவர் எங்கள் கேற்றடியில் வந்து நின்றார். வாப்பா எழும்பிப் போனார்.

"உங்களிட்ட இல்ல மச்சான்" என்றார் மாமா. "வளவுக்காரியக் கூப்பிடுங்க."

உம்மா உள்ளே இருந்தபடியே, "என்னையும் இல்ல, இப்ப அது அவள்ர" என்றா.

நான் வெளியே போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேல்மாடியைக் காட்டி விசயத்தைச் சொன்னார். அவருக்கு நரைத்திருந்தது.

"கம்பு ஊன்றுங்க மாமா" என்றேன். "பூசி முடிஞ்ச அண்டைக்கே கழட்டணும். கூரப் பீலித் தண்ணி உங்கட வளவுக்க விழணும். எங்கட பக்கம் ஒரு சொட்டும் வரப்படாது."

"கீழ பைப் போட்டு வளைச்சி எடுக்கிறன்."

"எடுத்துக் காட்டுங்க. பொறகு மேசனக் கூட்டிட்டு வாங்க."

அவர், "சரி மகள்" என்று சொல்லிவிட்டு பைப் வாங்கப் போனார்.